தன்மை, முன்னிலை, படர்க்கை

"சுடுங்க மாமா, ஏன் பாத்துக்கிட்டு நிக்கிறீங்க?"

ராத்தாவின் இளைய மகன் என் தோளுக்குப் பின்னால் நின்று இப்படிச் சொன்னபோது நான் சுடாமல் நின்றதற்குக் கருணை காரணமல்ல. எந்தப் பொத்தானை அழுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. திரையின் அடியில் ஒரு துப்பாக்கிக் குழலும் அதைப் பிடித்த இரண்டு கைகளும் தெரிந்தன. அவை என் கைகளாம். எதிரே ஒருவன் சுவரோரமாக ஓடினான். "ஆர் மகன் அவன்?" என்று கேட்டேன். "ஆரெண்டா என்ன மாமா, அவன் சுட முந்தி நீங்க சுடணும்" என்றான். அதற்குள் திரை சிவந்தது. நான் மௌத்தாகிப் போனேன். மறுகணம் பழைய இடத்திலேயே உயிரோடு நின்றேன்.

இது கடந்த நோன்பு விடுமுறையில் நடந்தது. மாவடிப்பள்ளியில் ராத்தாவின் வீடு வயலை அண்டியிருக்கிறது. மாலை மங்கினால் யானை இறங்கும். இளைஞர்கள் டோர்ச்சும் யானை வெடியுமாகக் கிளம்புவார்கள். தராவீஹ் முடிந்து நாங்கள் கொம்பியூட்டரின் முன் உட்காருகிற நேரத்தில் வெளியே ஒரு வெடி கேட்கும், உள்ளே ஒரு வெடி கேட்கும். ராத்தா இரண்டையும் சேர்த்தே ஏசுவா. "யான வந்தாலும் இவன் எழும்ப மாட்டான்" என்பா. அவ சொன்னது உண்மை. ஸஹருக்குச் சோறு வைத்துக் கூப்பிட்டாலும் அவன் காதில் விழாது. அவன் எங்கே போயிருக்கிறான், எது அவனை அங்கே கொண்டுபோகிறது என்பதே என் கேள்வியாயிற்று. பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்று ஜும்ஆ மேடையில் சொல்லிவிட்டு இறங்குவது இலகு. ஆனால் ஒரு கதையில் மனிதன் ஊண் உறக்கம் மறந்து ஒன்றிப்போவது என்பது, எழுதுகிறவர்களாகிய நாம் ஆயுள் முழுக்க ஆசைப்படுகிற விடயமல்லவா? அதை நம்மை விடப் பெரிய அளவில் ஒருவன் சாதித்திருக்கிறான் என்றால், எப்படிச் சாதித்தான் என்று பார்ப்பதில் வெட்கமில்லை.

மருமகனிடம் கேட்டேன். படம் உண்மை போலிருக்கும் என்றான், சத்தம் காதுக்குள் வந்து வெடிக்கும் என்றான். இந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ஏனெனில் அவன் திரும்பத் திரும்ப விளையாடுகிறவை 1998 இலும் 2004 இலும் வந்த பழைய விளையாட்டுகள். இன்றைய கண்ணுக்கு அவற்றின் மனிதர்கள் மரப்பாச்சிகள். கல்முனையில் கொம்பியூட்டர் கடைகள் முளைத்த காலத்தில் சீடியில் வாங்கி, மூத்தவன் விளையாடி, இளையவனுக்கு வந்துசேர்ந்தவை அவை. படத்தின் துல்லியம்தான் காரணமென்றால் அவற்றை எப்போதோ எறிந்திருப்பான்.

நான் தமிழ் படிப்பித்துப் பென்சன் எடுத்தவன். எதைப் பார்த்தாலும் இலக்கணம்தான் முதலில் நினைவுக்கு வரும். தன்மை, முன்னிலை, படர்க்கை என்று மூவிடம் சொல்லிக் கொடுத்தே தொண்டை வற்றியது. இந்த வகை விளையாட்டைத் 'தன்மை'யில் அமைந்தது என்கிறார்கள். வீரனை நாம் வெளியே நின்று பார்ப்பதில்லை. அவனுடைய கண்ணுக்குள் இருந்து பார்க்கிறோம். அவன் முகம் நமக்குத் தெரியாது. நம் முகம் நமக்குத் தெரியாதது போல.

நம்முடைய பழைய கதைகள் இப்படியல்ல. தமிழ் முஸ்லிம்கள் தமக்கென்று வளர்த்த இலக்கிய வகைகளில் படைப்போர் ஒன்று. அசன் அலிப் புலவரின் ஐந்து படைப்போர் போன்றவற்றை இரவிரவாக ஓதக் கேட்டவர்களை என் உம்மம்மா கண்டிருக்கிறா. குதிரைக் குளம்பும் வாள் வீச்சும் வருகிற இடத்தில் கேட்டிருந்த ஆண்கள் பாயை விட்டு அரையடி எழும்புவார்களாம். அதுவும் ஒன்றிப்போதல்தான். ஆனால் அங்கே வாள் வீசுகிறவர் அலி. கேட்பவன் கேட்பவனாகவே இருந்தான். போர் படர்க்கையில் நடந்தது, கை அவனுடையதல்ல. இப்போது புதிதாக வந்திருப்பது போர் அல்ல, வெட்டும் குத்தும் அல்ல. அந்தக் கை மாறியதுதான் புதிது.

கண் மாறினால் போதும், மனிதன் ஒன்றிவிடுவான் என்று நம்பியவர்கள் முன்பும் இருந்தார்கள். 1947 இல் ரொபர்ட் மொன்ட்கொமெரி என்ற நடிகர் 'லேடி இன் தி லேக்' என்ற படத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் துப்பறிவாளனின் கண்ணாகவே கெமராவை வைத்து எடுத்தார். அது ஒரு விநோதமாகவே நின்றுபோயிற்று. அந்த வழியைச் சினிமா பின்தொடரவில்லை. பார்ப்பவனின் கண்ணை அந்தப் படம் எடுத்துக்கொண்டது, ஆனால் கழுத்தைத் திருப்பும் உரிமையை அவனுக்குக் கொடுக்கவில்லை. 1992 இல் வந்த வுல்ஃபன்ஸ்டைனும் 1993 இல் வந்த டூமும் அந்த உரிமையைக் கொடுத்தன. நீயே திரும்பு, நீயே நட, நீயே சுடு. உலகம் முழுவதும் இளைஞர்கள் அதில் விழுந்தார்கள். ஆனால் அங்கே கதை என்று சொல்லத்தக்கதாக எதுவுமில்லை. அறை, கதவு, எதிரி, அடுத்த அறை. அதை வேகம் எனலாம். ஒன்றிப்போதல் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பம்பரம் சுற்றும்போதும் பிள்ளை சோற்றை மறக்கத்தான் செய்கிறான்.

1998 இல் வெளிவந்த 'ஹாஃப் லைஃப்' வேறொரு காரியம் செய்தது. மருமகன் அதைப் போட்டுக் காட்டியபோது, துப்பாக்கி எப்போது வரும் என்று நான்தான் கேட்டேன். வரவில்லை. ஒரு தொங்கு ரயிலில் நான் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். சில நிமிடங்கள் அந்தப் பெட்டிக்குள்ளேயே நடக்கலாம், யன்னலால் பார்க்கலாம், வேறெதுவும் முடியாது. இறங்கினால் காவலாளி கதவைத் திறக்கிறான். விஞ்ஞானிகள் என்னைக் கண்டு பேசுகிறார்கள், பிந்தி வந்துவிட்டதாகக் கடிகிறார்கள். ஃப்ரீமன் என்ற பெயரில் என்னை அழைக்கிறார்கள். நான் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. விளையாட்டு முடியும்வரை அந்தக் கதாபாத்திரம் வாய் திறப்பதில்லை. கதைக்காகக் கெமரா ஒருபோதும் என் கண்ணைவிட்டு வெளியே போவதுமில்லை. விபத்து நடந்து, ஓர் இரும்புக் கம்பி கையில் கிடைக்கிற நேரத்தில், அந்த இடத்தில் வேலை செய்கிறவனாக நான் ஆகிவிட்டிருந்தேன். ஓடிவந்து என்னிடம் உதவி கேட்கிறவனை விட்டுவிட்டுப் போக மனம் வரவில்லை.

இங்கேதான் எனக்கு இலக்கணம் உதவியது. அந்த விளையாட்டின் வலிமை தன்மையில் இல்லை, முன்னிலையில் இருக்கிறது. 'நான்' என்பது அங்கே வெற்றுப் பாத்திரம், முகமில்லை, குரலில்லை. என்னை யாரோ 'நீ' என்று அழைத்தபோதுதான் அந்த 'நான்' நிரம்பியது. பிறந்த குழந்தையும் இப்படித்தான் ஆளாகிறது. முதலில் அதன் காதில் பாங்கு சொல்கிறார்கள், பிறகு பெயர் சொல்லி அழைக்கிறார்கள். அது 'நான்' என்று சொல்லப் பழக இன்னும் இரண்டு வருடமாவது செல்லும்.

2004 நவம்பரில், நமது கரையைக் கடல் கொள்வதற்கு நாற்பது நாட்களுக்கு முன், அதன் இரண்டாம் பாகம் வந்தது. அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தக் கட்டுரையை எழுத வைத்ததே அதில் வருகிற ஒரு நிமிடக் காட்சிதான். சிற்றி 17 என்ற ஒரு நகரத்தின் ரயில் நிலையத்தில் வந்து இறங்குகிறோம். பெரிய திரையில் ஒருவர் நல்வரவு கூறிக்கொண்டே இருக்கிறார். சனங்கள் ஒரே நிறச் சட்டையில், தலை குனிந்து, வரிசையில். முகமூடிக் காவலர்கள் கையில் தடியோடு நிற்கிறார்கள். கம்பி வேலிக்குள்ளால் நடக்க வேண்டும். ஒரு காவலன் பெட்டியின் மேலிருந்த வெற்றுத் தகரக் குவளையொன்றைத் தட்டி நிலத்தில் விழுத்துகிறான். அதை எடு என்கிறான். குப்பைத் தொட்டியில் போடு என்கிறான். அதைச் செய்யும்வரை வழிவிட மாட்டான். செய்தால் சிரித்துக்கொண்டே விலகுவான்.

என் கையில் ஆயுதமில்லை. நேரக் கட்டுப்பாடில்லை. உயிராபத்தும் இல்லை. ஆனால் எனக்கு உள்ளங்கை வேர்த்துவிட்டது.

யுத்த காலத்தில் ஒரு நாள், சோதனைச் சாவடியொன்றில் பஸ்ஸிலிருந்து எல்லோரையும் இறக்கினார்கள். என் பையில் தவணைப் பரீட்சை விடைத்தாள்கள். பையைத் திறந்த சீருடைக்காரர் கட்டை அவிழ்த்தார். கட்டு நழுவித் தெருவில் பரவியது. வேண்டுமென்றுதான் விட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஒவ்வொன்றாகப் பொறுக்கும்படி கை காட்டினார். நான் குனிந்து பொறுக்கினேன். என் மாணவர்கள் சிலர் அதே பஸ்ஸில் வந்திருந்தார்கள். அவர்கள் எனக்கு உதவ வரவுமில்லை, என்னைப் பார்க்கவுமில்லை; வேறு பக்கம் திரும்பி நின்றார்கள். அந்த மரியாதையை இன்று நினைத்தாலும் கண் கலங்கும். இதை நான் யாருக்கும் சொன்னதில்லை, ராத்தாவுக்கும் சொன்னதில்லை.

அமெரிக்காவில் செய்யப்பட்ட ஒரு விளையாட்டுக்கு இது எப்படித் தெரிந்தது? அந்த நகரத்தின் தோற்றத்தை வடிவமைத்த விக்ரர் அன்ரனோவ் பல்கேரியாவின் தலைநகர் சோஃபியாவில் பிறந்தவர் என்று பிறகு அறிந்தேன். அடையாள அட்டையும் வரிசையும் ஒலிபெருக்கியும் உள்ள ஒரு நாட்டைச் சிறுவயதில் கண்டவர். அந்தக் காட்சிக்குச் சற்றுப் பின்னால் ஒரு தொடர்மாடி வீட்டில் தேடுதல் நடக்கிறது. கதவுகள் உடைகின்றன. ஒரு நெருக்கமான அறையில் சனங்கள் செய்வதறியாது இருக்கிறார்கள். சுற்றிவளைப்பு என்ற சொல்லை விளக்க வேண்டிய தேவையில்லாத வாசகர்களுக்கு நான் எழுதுகிறேன்; ஆகவே நிறுத்திக்கொள்கிறேன்.

பின்னால் வந்தவர்கள் உடம்பின் சிறு தொல்லைகளைச் சேர்த்தார்கள். 2008 இல் வந்த 'ஃபார் க்ரை 2' இல் வரைபடத்தைக் கையில் விரித்துப் பார்க்க வேண்டும், மலேரியாவுக்கு மாத்திரை போட வேண்டும், பழைய துப்பாக்கி இடைநடுவில் சிக்கிக்கொள்ளும். 2010 இன் 'மெற்றோ 2033' இல் நச்சுக்காற்று முகமூடியின் வடிகட்டி எவ்வளவு நேரம் தாங்குமென்று கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நடக்க வேண்டும். மருமகன் இவற்றை மிகவும் ரசிக்கிறான். முடியாமைகளே ஓர் உலகத்தை உண்மையாக்குகின்றன என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். எல்லாம் முடிந்தவனுக்குக் கதை இல்லை.

ஆனால் ஒவ்வோர் உலகத்திலும் எல்லோரும் ஒன்றிப்போக முடியாது. 2009 இன் 'மொடர்ன் வோர்ஃபெயார் 2' இல் கராச்சி நகரம் வருகிறது. பெயர்ப் பலகைகளில் உருது இருக்க வேண்டிய இடத்தில் அரபு இருக்கிறது. கராச்சிக்காரன் ஒருவன் அந்த இடத்தில் கனவு கலைந்து எழும்பியிருப்பான். அதே விளையாட்டின் ஒரு களத்தில், குளியலறையில் மாட்டிய சட்டகத்தில் ஒரு ஹதீஸ் எழுதப்பட்டிருந்ததைக் கண்டு முறைப்பாடு எழ, 2012 இல் அந்தக் களத்தை எடுத்துவிட்டார்கள். 2021 இல் அதே வரிசையின் இன்னொரு விளையாட்டில் குர்ஆன் பக்கங்கள் நிலத்தில் சிதறிக் கிடக்க, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. நம்மவர்கள் இதைத் திட்டமிட்ட சதி என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அலங்காரத்துக்கு வளைந்த எழுத்துத் தேவைப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கத் தெரிந்தவன் விளையாட வருவான் என்று நினைக்கவில்லை. நாம் அங்கே படர்க்கையிலும் பின்வரிசை.

அப்படியென்றால் கையை நம் பக்கம் மாற்றிவிட்டால் சரியா? டமஸ்கஸில் தாருல் ஃபிக்ர் பதிப்பகம் 2001 இல் 'சாம்பலின் கீழ்' என்ற பொருள்பட அரபிப் பெயரில் பலஸ்தீன் எழுச்சியைப் பற்றிய சுடல் விளையாட்டொன்றை வெளியிட்டது. பொதுமக்களைச் சுட்டால் அதில் ஆட்டம் முடிந்துவிடும். அமெரிக்க இராணுவமே 2002 இல் ஆள்சேர்ப்புக்காக இலவச விளையாட்டொன்றை வெளியிட்ட காலம் அது. ஆகவே எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு கதை வந்தது நியாயமே. நான் அதைக் குறைகூறவில்லை. ஆனாலும் அது 'நான் யார்' என்பதை மாற்றியதே தவிர, எதிரே ஓடுகிறவன் யார் என்ற என் கேள்வி அப்படியே நின்றது.

அந்தக் கேள்வியை ஒரே விளையாட்டு இரண்டு விதமாகக் கையாண்டதைக் கண்டேன். 2007 இல் வந்த 'மொடர்ன் வோர்ஃபெயார்', பெயர் சொல்லாத ஒரு மத்திய கிழக்கு நாட்டின் ஜனாதிபதியாக நம்மை ஆக்கித் தொடங்குகிறது. காரில் ஏற்றிக் கொண்டுபோகிறார்கள். தலையைத் திருப்ப மட்டும் முடியும். யன்னலுக்கு வெளியே மனிதர்களைச் சுவரோரம் நிறுத்துகிறார்கள், வீடுகளில் புகுகிறார்கள். இறுதியில் என்னைக் கம்பத்தில் கட்டி, கெமராவுக்கு முன்னால் சுடுகிறார்கள். துப்பாக்கி விளையாட்டொன்று துப்பாக்கியின் எதிர்முனையில் என்னை நிறுத்தித் தொடங்கியது என்னை உலுக்கியது. ஆனால் அதே விளையாட்டில் இன்னோரிடத்தில் விமானத்திலிருந்து குண்டு போட வேண்டும். கறுப்பு வெள்ளைத் திரையில், கீழே ஓடும் மனிதர்கள் வெள்ளைப் புள்ளிகள். தேவாலயத்தை மட்டும் அடிக்கக் கூடாது என்று கட்டளை. பின்னால் அமைதியான குரல்கள், அலுவலகத்தில் பேசுவது போல. மருமகன் ஓர் அசைவும் பிசகாமல் அதை முடித்தான். அவன் ஒன்றித்தான் இருந்தான். நானோ கீழே இருந்தேன். அந்தப் புள்ளிகளில் ஒன்று பள்ளிக்குப் போய்த் திரும்புகிறதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறதா என்று தேடினேன். மாமாவுக்குக் கண் சரியில்லை என்று அவன் நினைத்திருப்பான்.

இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில், உள்ளத்தின் விந்தைகள் பற்றிய பகுதியில், ஒரு செயலுக்கு முன் உள்ளத்தில் நடப்பதை நான்காகப் பிரிக்கிறார். முதலில் எண்ணம் தானாகத் தோன்றுகிறது. அடுத்து மனம் அதன் பக்கம் சாய்கிறது. பிறகு இதைச் செய்யலாம் என்று உள்ளம் தீர்ப்பளிக்கிறது. கடைசியில் செய்வேன் என்ற உறுதி. முதல் இரண்டும் நம் கையில் இல்லாதவை, ஆகவே கேள்வி இல்லை. உறுதிக்குக் கேள்வி உண்டு. மூன்றாவது, அது நாமாக விரும்பிச் செய்ததா என்பதைப் பொறுத்தது. மதரஸாவில் இதைப் படித்தபோது துப்பாக்கியைப் பற்றி யோசித்ததில்லை. இப்போது யோசிக்கிறேன். பெரும்பாலான சுடல் விளையாட்டுகள் இந்த நான்கையும் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தித் தட்டையாக்கிவிடுகின்றன. தோன்றுவதற்கும் சுடுவதற்கும் இடையில் மூச்சுவிட நேரமில்லை. பிந்தினால் சாவு. மருமகனின் விரல் பழகியது அந்தத் தட்டைமைக்குத்தான். உண்மையில் யாரும் சாகவில்லை, ஆகவே குற்றமில்லை என்று பிக்ஹு தெரிந்தவர் சொல்லலாம், நானும் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒரு கதையாசிரியனின் கேள்வி. தகரக் குவளைக் காட்சியில் அந்த நான்கு படிகளும் விலகி விலகி நின்றன. எடுப்பதா, எடுக்காமல் நிற்பதா, அவன் முகத்தில் எறிவதா? சாய்வுக்கும் தீர்ப்புக்கும் நடுவில் ஓர் இடம் இருந்தது. அந்த இடத்துக்குள்தான் நான் என் யுத்தகாலம் முழுவதையும் தூக்கிக்கொண்டு நுழைந்தேன்.

ஆனால் முன்னிலையை நான் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டேனோ என்ற பயமும் உண்டு. 2007 இல் வந்த 'பயோஷொக்' கடலுக்கடியில் இடிந்துபோன ஒரு நகரத்தில் நடக்கிறது. வானொலியில் ஒரு குரல் நம்மோடு பேசி, வழிகாட்டி, மிகப் பணிவாக வேலைகள் கேட்கிறது. நாம் செய்கிறோம், நல்லவனுக்கு உதவுவதாக நினைத்துச் செய்கிறோம். நடுவில் தெரியவருகிறது, அந்தப் பணிவான வேண்டுகோளே நம்மை இயக்கப் பழக்கிவைத்த மந்திரம் என்று. அதுவரை நம் விருப்பம் என்று நினைத்த ஒவ்வொன்றும் கட்டளை. மருமகன் இந்த இடத்தை எனக்கு முன்கூட்டியே சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். 'நீ' என்று அழைக்கிற குரல் நம்மை ஆளாக்கவும் செய்யும், அடிமையாக்கவும் செய்யும். 2019 ஏப்ரல் 21 அன்று தேவாலயங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் வெடிகுண்டு சுமந்து போன நம் சமூகத்து இளைஞர்களையும், யாரோ ஒருவர் காணொளியிலும் காதோரத்திலும் 'நீ' என்றுதான் அழைத்திருப்பார்.

அந்த வருடத்தை நினைத்தால் இன்னொன்றும் வருகிறது. அதே 2019 மார்ச் 15, ஒரு வெள்ளிக்கிழமை, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில் இரண்டு பள்ளிவாசல்களில் 51 பேரைக் கொன்றவன் தலையில் கெமராவைக் கட்டிக்கொண்டு அதை நேரடியாக ஒளிபரப்பினான். அந்தக் காணொளி எங்கள் ஊர்க் கைப்பேசிகளுக்கும் வந்தது. யாரோ எனக்கும் அனுப்பியிருந்தார்கள். சில விநாடிகள் பார்த்துவிட்டேன், அல்லாஹ் மன்னிக்கட்டும். திரையின் அடியில் ஒரு துப்பாக்கிக் குழல். அது முன்னால் போகிறது. பள்ளிவாசலின் வாசல். பார்வையின் அமைப்பால் அது என் கையில் இருந்தது. நான் தான் உள்ளே போய்க்கொண்டிருந்தேன். உடனே அணைத்துவிட்டேன். அப்போது மருமகனுக்குப் பதினாறு வயது. "மாமா, அது கேம் மாதிரியே இருக்கு, ஆனா பாக்க ஏலாது" என்றான். ஏன் பார்க்க ஏலாது என்று அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். கொலைகாரன் தன்னுடைய 'நானை' நமக்கு இரவல் தந்தான். படத்தின் துல்லியம் இருந்தது, சத்தம் இருந்தது, தன்மைப் பார்வை இருந்தது. விளையாட்டுக்காரர்கள் தேடுகிற அத்தனையும் இருந்தன. ஆனால் அந்த வாசலுக்குள்ளே யார் இருப்பார்கள் என்று நமக்குத் தெரிந்திருந்தது. ஸஃப்பில் தோளோடு தோள் நிற்கிறவர், செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவருகிற சிறுவன், குத்பாவில் தூங்கிவழிகிற கிழவர். அவர்கள் நமக்கு முன்னிலை, ஒருபோதும் படர்க்கை அல்ல. ஆகவே அந்த இரவல் 'நானை' நம் உடம்பு ஏற்கவில்லை. 2009 இன் விளையாட்டில் விமான நிலையத்தில் கூட்டத்தைச் சுட்டுக்கொண்டு நடக்கிற ஒரு பகுதி உண்டு. விரும்பினால் அதைத் தவிர்க்கலாம், சுடாமலும் கூட நடந்து முடிக்கலாம். மருமகன் முதல்முறை விளையாடியபோது சுட்டானாம். கிறைஸ்ட்சேர்ச்சுக்குப் பிறகு அந்தப் பகுதியைத் தாண்டிவிடுகிறான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

அடுத்த மாதம் 26 ஆம் திகதி இரவு சாய்ந்தமருதில் துப்பாக்கிச் சத்தமும் வெடிச் சத்தமும் எழுந்தன. வெடித்துச் செத்தவர்களில் சிறு பிள்ளைகளும் இருந்தார்கள். மாவடிப்பள்ளியில் வெளிச்சத்தை அணைத்துவிட்டு நாங்கள் நிலத்தில் இருந்தோம். மருமகன் மெதுவாக, "சத்தம் இப்பிடி விட்டு விட்டா வரும், மாமா?" என்று கேட்டான். கேமில் சத்தம் விடாமல் வரும். உண்மையில் இடையில் நீண்ட அமைதி வரும், அந்த அமைதியில்தான் உயிர் போய் வரும். 1990 இல் இதைப் பழகியவர்கள் நாங்கள்.

1990 என்று எழுதிவிட்டால் பாதியில் நிறுத்த முடியாது. அந்த ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடியில் தொழுகையில் நின்றவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதைப் பற்றி நாம் கவிதை எழுதினோம், கதை எழுதினோம், ஒவ்வொரு ஆகஸ்டிலும் எழுதுகிறோம், எழுதத்தான் வேண்டும். அதே மாதம் 12 ஆம் திகதி, எங்கள் ஊருக்குத் தூரமில்லாத வீரமுனையில், கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஊர்காவல் படையிலிருந்த நம்மவர்களும் உண்டு. அதைப் பற்றி நாம் எத்தனை கதை எழுதியிருக்கிறோம்? காத்தான்குடியில் நாம் ஸஃப்பில் நிற்கிறவனின் கண்ணால் பார்க்கிறோம். வீரமுனை வந்ததும் விமானத்திலிருந்து பார்க்கிறோம், புள்ளிகள். என் மருமகனை நான் கண்டிக்கப் போனது எந்த முகத்தோடு? அவன் பன்னிரண்டு வயதில் கற்ற பார்வையை நாங்கள் துப்பாக்கி விளையாட்டு எதுவும் இல்லாமலே கற்றிருந்தோம்.

கோயில் வாசலில் நிற்கிறவனின் தன்மையில் ஒரு கதை எழுத வேண்டும் என்று பல வருடமாக நினைக்கிறேன். இரண்டு பக்கம் எழுதிக் கிழித்துமிருக்கிறேன். துப்பாக்கி பிடித்தவனின் தன்மையா, உள்ளே இருந்தவரின் தன்மையா என்பதில் நின்றுவிடுகிறது. உள்ளே இருந்தவரின் 'நானை' நான் எடுப்பது களவு போலப்படுகிறது. துப்பாக்கிக்காரனின் 'நானை' எடுக்கப் பயமாக இருக்கிறது. எழுதினால் ஊரில் யார் முகத்தில் விழிப்பது என்பதும் அதில் சேர்த்தி. மூன்றாவது ஒரு வழி, அவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லி அழைத்துப் பழகிய காலத்திலிருந்து தொடங்குவது. சம்மாந்துறைச் சந்தையில், வயல் வரம்பில், வட்டிக் கடையில். அந்த ரயில் பெட்டிப் பயணம் போல, ஆயுதம் வருவதற்கு முந்திய நீண்ட நிமிடங்களிலிருந்து. இந்த உத்தியை எனக்குச் சொல்லித் தந்தது எந்த நாவலும் அல்ல என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

பெருநாளைக்கு இரண்டு நாள் முந்தி, மருமகனிடம் அந்த ரயில் நிலையக் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னேன். காவலன் குவளையைத் தட்டினான். எடு என்றான். நான் குனிந்து எடுத்தேன், தொட்டியில் போட்டேன். அவன் சிரித்தான்.

"மாமா, எறியவும் ஏலும்" என்றான் மருமகன்.

"எறிஞ்சா?"

"அடிப்பான். வேற ஒண்டுமில்ல."

திரும்பத் தொடங்கினான். இம்முறை குவளையை எடுத்து அந்த முகமூடியின் மேலேயே எறிந்தேன். தடியைத் தூக்கிக்கொண்டு துரத்தினான். எந்தப் பொத்தானால் ஓடுவது என்று தெரியாமல் சுவரில் மோதி மோதி அடி வாங்கினேன். மருமகன் விழுந்து விழுந்து சிரித்தான், நானும் சிரித்தேன். சத்தம் கேட்டு ராத்தா குசினியிலிருந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் பிளேன்ரீயை மேசையில் வைத்துவிட்டுப் போனா.